மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொல்லுங்கள்

எங்கள் கடற்கரை ஊர்களில் மருந்துக்கடைக்குப் போய், "வயிறு சரியில்லை, ஏதாவது மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டால், கடைக்காரரின் கை பெரும்பாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை அது. சிறுநீர்க் கடுப்பு என்றால் நார்ஃப்ளாக்சசின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின். நெஞ்சுச்சளி, இருமல் என்றால் லெவோஃப்ளாக்சசின். ஆர்னிடசோல் தவிர இவை எல்லாம் குயினோலோன் என்ற ஒரே ஆன்டிபயாடிக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. விற்கிறவருக்கும், சில நேரம் எழுதிக் கொடுத்த மருத்துவருக்கும்கூட அது நினைவில் இருப்பதில்லை. ஒரே மாதத்தில் மூன்று தொல்லைக்காக மூன்று பெயரில் ஒரே குடும்பத்து மருந்தைச் சாப்பிட்டுவிட்டு, "மூன்று டாக்டரும் வேறு வேறு மாத்திரைதான் கொடுத்தார்கள்" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இராமநாதபுரம் கடற்கரையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இந்த மருந்துகளை எழுதியிருக்கிறேன், எழுத மறுத்துச் சண்டையும் வாங்கியிருக்கிறேன். இப்போதுதான் தொழிலுக்கு வந்திருக்கும் மருத்துவர்களையும், ஊரில் மருந்துக்கடை நடத்துகிறவர்களையும், வீட்டில் வயதான சர்க்கரை நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

குயினோலோன் மோசமான மருந்து இல்லை. மலேரியா மருந்தான குளோரோகுயினைத் தயாரிக்கும்போது கிடைத்த ஒரு துணைப்பொருளிலிருந்து 1962-இல் நாலிடிக்சிக் அமிலம் கிடைத்தது. அது சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும் பயன்பட்டது. பிறகு அந்த மூலக்கூறில் ஒரு ஃப்ளோரின் அணுவைச் சேர்த்ததும் வீரியம் பல மடங்கு கூடியது. நார்ஃப்ளாக்சசின் வந்தது, 1987-இல் அமெரிக்காவில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அனுமதி கிடைத்தது. பாக்டீரியா தன் மரபிழையை நகலெடுக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும். தூண்டிலில் முறுக்கேறிய தங்கூசி நரம்பை அங்கங்கே அறுத்து, முறுக்கை எடுத்து, மறுபடி முடிவதைப் போல ஒரு நொதி அந்த இழையை வெட்டி ஒட்டிச் சீர்செய்கிறது. குயினோலோன், வெட்டிய நிலையிலேயே நொதியைப் பிடித்து நிறுத்திவிடும். ஒட்ட முடியாத இழைகளோடு பாக்டீரியா செத்துப்போகும்.

வாயால் கொடுத்தாலே இரத்தத்தில் நன்றாகச் சேர்வது இதன் பெரிய பலம். லெவோஃப்ளாக்சசின் மாத்திரை ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சப்படும். சிப்ரோ சுமார் 70 சதவீதம். தீவிலிருந்து வருகிறவரைப் படுக்கையில் சேர்த்து நரம்பில் ஊசி போடாமல், மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்ப முடிவதற்கு இதுதான் காரணம். புராஸ்டேட் சுரப்பி, எலும்பு, நுரையீரல் என்று மற்ற மருந்துகள் தயங்கும் இடங்களுக்கும் போகும். இவ்வளவு வசதியான மருந்து கையில் இருந்தால் நோய் என்னவென்று யோசிக்கும் வேலை மிச்சம். என் மனக்குறை அதில்தான்.

இனி பைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஐம்பதைத் தாண்டியவர் மருத்துவரிடம் வந்தால் கையில் ஒரு துணிப்பையோ ஜவுளிக்கடைப் பையோ இருக்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் அதில் இருக்கும். வேறொரு கிளினிக்கில் பெயரில்லாமல் காகித உறையில் மடித்துக் கொடுத்த மாத்திரைகள், பாதி தீர்ந்த அல்சர் மருந்து பாட்டில், சத்துமாத்திரை, முதுகுவலி மாத்திரை, தைலம், சில வீடுகளில் வளைகுடாவிலிருந்து மகன் கொண்டுவந்த அரபி எழுத்துப் பெட்டி. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். தினமும் சாப்பிடுவது அவர்கள் கணக்கில் மருந்து இல்லை. அதனால் நான் கேட்பதில்லை. பையை மேசையில் கொட்டச் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அறுபதைத் தாண்டியவர். வேர்த்து ஊற்றியிருந்தது, கண் திறந்திருந்தது, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "உம்மாவுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது டாக்டர்" என்று மகள் அழுதார். தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 42. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம், சில நிமிடங்களில், "என்னை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள்?" என்று மகளை அதட்டினார். பிறகு பையைக் கொட்டினால் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை இருந்தது. சிறுநீர்க் கடுப்புக்காக இரண்டு நாளுக்கு முன்னால் வேறிடத்தில் கொடுத்த லெவோஃப்ளாக்சசினும் இருந்தது. காய்ச்சலில் வாய் கசந்து கஞ்சிகூடச் சரியாகக் குடிக்கவில்லை; ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறவிடவில்லை.

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களில் ஒரு பொட்டாசியம் வாசல் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் அந்த வாசலை அடைத்துத்தான் இன்சுலினை வெளியே தள்ளுகின்றன. குயினோலோனும் அதே வாசலை ஓரளவு அடைக்கும். இரண்டும் சேர்ந்து, சாப்பாடும் குறைந்து, வயதான சிறுநீரகம் இரண்டையும் மெதுவாக வெளியேற்றினால் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். இந்தக் குடும்பத்திலேயே கேட்டிஃப்ளாக்சசின் என்ற மருந்து சர்க்கரையை மேலும் கீழும் மோசமாக ஆட்டியதால், கண் சொட்டுமருந்து தவிர மற்ற வடிவங்களில் அதை 2011-இல் இந்தியாவில் தடை செய்தார்கள். மற்ற குயினோலோன்களின் எச்சரிக்கைக் குறிப்பிலும் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம் என்பதை அழுத்திச் சொல்லும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் உத்தரவிட்டது.

சர்க்கரை ஏறிவிட்டது என்று அந்த அம்மாவை உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். மறுநாள் வரை மணிக்கணக்கு வைத்துப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுக்கிறவருக்குக் குயினோலோன் தவிர வேறு வழியே இல்லை என்றால், அந்த நாட்களில் காலையும் மாலையும் சர்க்கரை பார்க்கச் சொல்கிறேன். சாப்பாடு குறைந்தால் சர்க்கரை மாத்திரையை அப்படியே விழுங்காமல் என்னைக் கேட்கச் சொல்கிறேன். நோன்பு மாதம் என்றால் முதலிலேயே வேறு ஆன்டிபயாடிக் தேடுவேன்.

அந்த அம்மாவின் இரத்த அறிக்கையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.3 என்று இருந்தது. "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும். வயது 70, எடை 45 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வந்ததால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் சுமார் 29 வருகிறது. சிறுநீரகம் நிமிடத்துக்கு 29 மில்லிதான் வடிகட்டுகிறது. லெவோஃப்ளாக்சசின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். இந்த அளவு உள்ளவருக்குத் தினமும் 750 மில்லிகிராம் கொடுக்கக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள்தான். சிப்ரோவுக்கும் அளவைக் குறைக்க வேண்டும். இதே குடும்பத்து மாக்சிஃப்ளாக்சசினுக்குச் சிறுநீரகக் கணக்குத் தேவையில்லை; ஆனால் அது சிறுநீரில் போதுமான அளவு சேராது என்பதால் சிறுநீர்த் தொற்றுக்கு உதவாது. உப்புத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் நடுவில், தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்யும் ஊரில் சிறுநீரகத்தை நல்லபடியாக இருப்பதாக எடுத்துக்கொள்வது சரியில்லை. கைப்பேசியில் இந்தக் கணக்கைப் போட அரை நிமிடம்கூட ஆகாது.

பையில் அடுத்தது அல்சர் பாட்டிலும் சத்துமாத்திரையும். அலுமினியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு, துத்தநாகம் எதுவானாலும் குடலில் குயினோலோனைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்துக்குப் போகும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடும். சிப்ரோவை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். லெவோஃப்ளாக்சசினுக்கு இரு பக்கமும் 2 மணி நேர இடைவெளி போதும். சிப்ரோவைப் பாலோடு விழுங்கக் கூடாது. இது எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் மருந்துச் சீட்டைப் பாருங்கள்: ஆன்டிபயாடிக், "வயிறு புண்ணாகாமல் இருக்க" ஒரு ஜெல், "சத்துக்கு" துத்தநாகம் சேர்ந்த ஒரு மாத்திரை, மூன்றுக்கும் எதிரே "சாப்பிட்ட பின்". ஐந்து நாள் கழித்துக் காய்ச்சல் விடவில்லை என்றதும் "கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது" என்று அடுத்த ஊசிக்குத் தாவுகிறோம். மருந்துக்கடைக்காரர்கள் இந்த ஒன்றை மட்டும் கவனித்துச் சொன்னாலே பெரிய உதவி. ஜெல்லை நிறுத்திவையுங்கள், இரும்பு மாத்திரையை இரவுக்கு மாற்றுங்கள் என்று சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம்.

முதுகுவலி மாத்திரைக்கு வருவோம். விசைப்படகில் வலை இழுத்து வருகிறவர்களில் முதுகுவலி இல்லாதவர் குறைவு. அவர்கள் கடையில் வாங்கும் மாத்திரையில் வலிமருந்தோடு டைசானிடின் என்ற தசைத்தளர்வு மருந்தும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். சிப்ரோ, கல்லீரலில் டைசானிடினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். டைசானிடின் இரத்தத்தில் பல மடங்கு ஏறி, அழுத்தம் விழுந்து, தூக்கம் சொக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது விதி. தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர், "படகில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நேற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன்" என்று வந்தார். அழுத்தம் 80-க்கு 50. வயிற்றுப்போக்குக்குச் சிப்ரோ, முதுகுக்கு டைசானிடின். இரண்டும் ஒரே சட்டைப்பையில் இருந்தன. தரையில் விழுந்தால் காயத்தோடு போகும். நடுக்கடலில் இரவில் விழுந்தால்?

ஆஸ்துமாக்காரர்கள் சாப்பிடும் தியோஃபிலின் கலந்த மாத்திரையும் இதே நொதியில்தான் சிதைகிறது. சிப்ரோ சேர்ந்தால் வாந்தி, படபடப்பு, முற்றினால் வலிப்பு வரும். ஏர்வாடி பக்கத்திலிருந்து மனநல மருந்து எடுக்கிறவர்கள் வருவார்கள். அவர்களில் குளோசபின் சாப்பிடுகிறவருக்கும் இதே கதை. லெவோஃப்ளாக்சசின் இந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவருக்கு எந்தக் குயினோலோன் கொடுத்தாலும் இரத்தம் உறையும் பரிசோதனையைச் சில நாட்களில் மறுபடி பார்க்க வேண்டும்.

இதயத் துடிப்பைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈசிஜியில் கியூடி என்ற இடைவெளியை நீட்டி, துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடிய குணம் மாக்சிஃப்ளாக்சசினுக்கு அதிகம், சிப்ரோவுக்குக் குறைவு. வாந்தி பேதியில் பொட்டாசியம் இறங்கியவருக்கு லெவோஃப்ளாக்சசின், அதே குணமுள்ள அசித்ரோமைசின், வாந்தியை அடக்கும் ஆன்டான்செட்ரான் மூன்றையும் ஒரே நேரத்தில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்கிறவர்கள் ஒரு ஈசிஜியாவது எடுத்துவிட்டுச் செய்யட்டும்.

பையில் கண்ணுக்குத் தெரியாத மருந்து ஒன்று உண்டு: ஸ்டீராய்டு. பெயரில்லாத காகித உறையில் இருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை பல நேரம் அதுதான். "சட்டென்று கேட்கும்" ஊசியிலும் அதுதான். குயினோலோன் தசைநாண்களைப் பலவீனமாக்கும், குறிப்பாகக் குதிகாலுக்கு மேலே இருக்கும் பெரிய தசைநாணை. 60 வயதைத் தாண்டியவர், ஸ்டீராய்டு எடுப்பவர், உறுப்பு மாற்று செய்தவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். 2008-இல் அமெரிக்காவில் இதற்காகக் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். ஆனால் அங்கே கட்டம் போட்டவர்களுக்குக் கரைவலை இழுப்பது என்றால் என்னவென்று தெரியாது. ஈர மணலில் குதிகாலைப் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்கிற வேலை. முழு எடையும் அந்த ஒரு நாணில்தான்.

பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், நெஞ்சுச்சளிக்கு லெவோஃப்ளாக்சசினும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டிருந்தார். கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு நாளாக வலி. சுளுக்கு என்று வீட்டில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் கரைவலையில் நிற்கும்போது பின்னால் யாரோ கல்லால் அடித்தது போல இருந்ததாம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

அவரைக் குப்புறப் படுக்கவைத்தேன். பாதங்கள் இரண்டும் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கின. நல்ல காலின் கெண்டைச் சதையைப் பிசைந்தால் பாதம் கீழ்நோக்கி அசைந்தது. அடிபட்ட காலில் எவ்வளவு பிசைந்தும் பாதம் அசையவில்லை. குதிகாலுக்கு மேலே விரலால் தடவிப் போனால் நாண் இருக்க வேண்டிய இடத்தில் விரல் உள்ளே இறங்கியது. இந்தச் சோதனைக்கு மருத்துவரின் கைகள் மட்டும் போதும்; துணை மையத்தில் இருக்கும் செவிலியரும் செய்யலாம். அவரை மதுரைக்கு அனுப்பினோம். காலை ஊன்றி நடக்கவே மாதக்கணக்கில் ஆகிவிட்டது. கரைவலைக்கு அவர் திரும்பவில்லை.

வலி தொடங்கிய முதல் நாளே மருந்தை நிறுத்தி, காலுக்கு ஓய்வு கொடுத்திருந்தால் நாண் தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் குயினோலோன் எழுதும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லியனுப்புகிறேன்: "குதிகால், தோள், கை எங்கே நரம்பு இழுப்பது போல வலித்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள். நீவ வேண்டாம், வந்து காட்டுங்கள்." சில மணி நேரத்திலும் வரலாம், மருந்தை முடித்துச் சில மாதம் கழித்தும் வரலாம். சிக்குன்குனியா வந்துபோன ஊர்களில் கால்வலி என்றால் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது இன்னொரு தொல்லை. சிக்குன்குனியா வலி பல மூட்டுகளில் வீக்கத்தோடு வரும். இது குறிப்பிட்ட ஒரு நாணில், விரலால் அழுத்திக் காட்டக்கூடிய இடத்தில் வலிக்கும். வலிக்கிறது என்று அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் என் மொழி கெட்டுப்போகும்.

பையில் இல்லாதவற்றையும் கேட்க வேண்டும். வெயில் ஒன்று. இந்த மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். ஸ்பார்ஃப்ளாக்சசினில் மிக அதிகம், சிப்ரோவில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. முழங்கை வரை மூடிய சட்டை, தலைக்குத் துண்டு, முடிந்தால் அந்த வாரம் கரையில் வேலை என்று சொல்லலாம். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் வேறு வழி இருக்கும்போது கொடுப்பதில்லை. வலிப்பு, தசைக்களைப்பு நோய், பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்குத் தவிர்க்க வேண்டும். பாதம் எரிகிறது, மரக்கிறது என்றால் சர்க்கரையின் தலையில் போடாமல் இந்த மருந்தையும் சந்தேகிக்க வேண்டும். அந்த நரம்புச் சேதம் நிரந்தரமாகவும் நின்றுவிடலாம். முதியவர் மருந்து தொடங்கிய இரண்டாம் இரவு தூங்காமல் உளறினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள், பிறகு மாத்திரையை நிறுத்துங்கள்.

அப்படியானால் எதற்கு என்ன கொடுப்பது? மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் அதிகாலையில் படகேறித் தீவுப் பக்கம் போய், மணிக்கணக்கில் தண்ணீரில் மூழ்கி மூழ்கி எடுத்து, பிற்பகலில் திரும்புவார்கள். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் போகிறவர்கள் உண்டு. சிறுநீர்க் கடுப்பு அவர்களுக்கு அடிக்கடி வரும். "அக்கா சாப்பிட்ட அதே மாத்திரையை எழுதுங்கள் டாக்டரம்மா" என்று சிப்ரோ அட்டையைக் காட்டுவார்கள். காய்ச்சல், விலாவலி இல்லாத வெறும் கடுப்புக்கு நைட்ரோஃபுரான்டாயின் 100 மில்லிகிராம் தினம் இருவேளை ஐந்து நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே வேளை போதும். இந்தியாவில் சிறுநீர்த் தொற்றைத் தரும் ஈ.கோலை கிருமியில் பெரும்பங்கு குயினோலோனுக்கு மசிவதில்லை. காய்ச்சலும் விலாவலியும் இருந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அங்கே நைட்ரோஃபுரான்டாயின் எட்டாது. சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட்டு ஊசி தொடங்குவேன். முடிவில் குயினோலோன் வேலை செய்யும் என்று வந்தால் தயங்காமல் மாத்திரைக்கு மாற்றுவேன். ஆண்களின் புராஸ்டேட் தொற்றுக்கும், கிருமி மசியும் என்று தெரிந்தால், இதுதான் என் முதல் தேர்வு.

வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் உப்புச்சர்க்கரைக் கரைசலே மருந்து. இரத்தமும் காய்ச்சலும் இருந்தால் இப்போது அசித்ரோமைசின். டைஃபாய்டுக்கு ஒரு காலத்தில் சிப்ரோ அற்புதம் செய்தது. இன்று நம் நாட்டு டைஃபாய்டு கிருமி பெரும்பாலும் அதற்கு அசைவதில்லை. செஃப்ட்ரியாக்சோன் அல்லது அசித்ரோமைசின்தான். அதிலும் 'விடால்' சோதனைத் தாளை மட்டும் பார்த்து டைஃபாய்டு என்று முடிவுகட்டுகிறவர்கள், உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். இருந்தால் அது உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளினுக்கு இரண்டு நாளில் அடங்கும். குயினோலோனை நம்பினால் நாள்தான் வீணாகும்.

குயினோலோன் தன் கூலிக்கு வேலை செய்யும் இடம் எங்கள் ஊரில் ஒன்று உண்டு. கடல் காயம். திருக்கை முள், கெளுத்தி முள், பாறையில் கிழித்த கால். முதல் வேலை மருந்து அல்ல, பொறுக்கும் அளவு வெந்நீர். சுமார் 45 டிகிரிச் சூட்டில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை வைத்தால் நஞ்சின் வலி குறையும். முள்துண்டு உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே, பிறகு டெட்டனஸ் தடுப்பூசி. காயம் ஆழமாகவோ, தோல் நீலம் பாரித்துக் கொப்புளம் கட்டியோ இருந்தால் கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமியை நினைக்க வேண்டும். குடியால் கல்லீரல் கெட்டவருக்கு அது ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும். டாக்சிசைக்ளினும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஊசியும் வழக்கம்; ஒவ்வாமையாலோ வேறு காரணத்தாலோ அவை முடியாதபோது சிப்ரோவோ லெவோஃப்ளாக்சசினோ கைகொடுக்கும். இறால் பண்ணையில் வேலை செய்கிறவர் காயத்தோடு வந்தால் குளத்தில் என்ன மருந்து கொட்டினார்கள் என்றும் கேட்பேன். பண்ணைகளில் ஃப்ளோரோகுயினோலோன் பயன்படுத்துவது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது, கேட்பதில் தவறில்லை.

மருந்துக்கடை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது. எழுதியவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், மூன்று ஆண்டுகள் அதை வைத்திருக்க வேண்டும். சிப்ரோவும் ஓஃப்ளாக்சசினும் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் சீட்டு கட்டாயம்தான். "பழக்கப்பட்டவர், கேட்கிறார்" என்ற சங்கடம் எனக்குப் புரிகிறது. சீட்டைக் கேட்க மனமில்லை என்றால் பையையாவது பாருங்கள்.

லெவோஃப்ளாக்சசினைப் பற்றி நான் கடுமையாக இருப்பதற்குப் பெரிய காரணம் காசநோய். இருமலோடு வருகிறவருக்கு இதைக் கொடுத்தால் காசநோய்க் கிருமியும் பாதி அடங்கும். காய்ச்சல் விடும், பசி எடுக்கும், சளியில் கிருமி தென்படாமல் போகும். "குணமாகிவிட்டது" என்று படகேறுவார். சில வாரத்தில் மறுபடி இருமல், மறுபடி அதே மாத்திரை. படகின் சின்ன அறையில் நாலைந்து பேர் நெருக்கிப் படுத்துத் தூங்கும் தொழில் இது; ஒருவருடைய நோய் ஒருவரோடு நிற்பதில்லை. இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் இப்படிப் பல சுற்று லெவோஃப்ளாக்சசினைத் தாண்டி, எடை பாதியாகி என்னிடம் வந்தார். "ஒவ்வொரு தடவையும் கேட்டது டாக்டர், அதனால்தான் வாங்கினேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

பல மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு இன்று முதுகெலும்பாக இருப்பது லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும்தான். 2024-இல் அரசு ஏற்றுக்கொண்ட நான்கு மருந்துக் குறுகிய காலச் சிகிச்சையிலும் மாக்சிஃப்ளாக்சசின் ஒன்று. அரைகுறையாகக் கொடுத்துக் கொடுத்துக் கிருமிக்கு அதைப் பழக்கிவிட்டால், அந்தச் சிகிச்சையில் ஒரு கால் முன்பே ஒடிந்துவிடும்.

எனவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடைக் குறைவு என்றால் என் சீட்டில் முதல் வரி சளிப் பரிசோதனை. அரசு மையங்களில் மூலக்கூறுச் சோதனை இலவசமாகவே செய்கிறார்கள். அதுவரை வேறு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் அமாக்சிசிலின் போன்றதைக் கொடுக்கிறேன். காசநோய்ப் பிரிவுக்கு அனுப்பும் கடிதத்தில், இதற்கு முன் லெவோஃப்ளாக்சசினோ வேறு குயினோலோனோ எத்தனை சுற்று, ஏறத்தாழ எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதைப் பழைய அட்டைகளைப் பார்த்துத் தனி வரியாக எழுதுகிறேன். வழக்கமான முதல் சோதனை, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதைத்தான் காட்டும். குயினோலோன் எதிர்ப்பையும் தேட வேண்டும் என்று அங்கே இருப்பவர்களுக்கு அந்த வரி சொல்லிவிடும்.